மேடையில் ஆடினால் கலை, லிஃப்ட் வாசலில் ஆடினால்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 30 ஜனவரி 2025

டி. ராஜேந்தர் மேடையில் மைக்கைப் பிடித்து வாயாலேயே மேளம் அடித்து, அடுக்குமொழி பேசி, திடீரென்று கண்ணீர் விட்டால் நம்மாட்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டுச் சிரிக்கிறார்கள். அதையே ஒரு வெள்ளைக்காரன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்தால் பீட்பாக்ஸ் என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். வெள்ளைத் தோல்தானே காரணம்? வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

30 ஜனவரி, இரவு 10.50

தோல் நிறம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு விஷயம் முடியாது. வெள்ளைக்காரர் ஒருவரையே எடுத்துப் பார்ப்போம்.

2009 பிப்ரவரியில் நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ், அமெரிக்காவில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சிக்கு வந்தார். காடாக வளர்ந்த தாடி, கறுப்புக் கண்ணாடி, வாயில் சூயிங்கம். கேட்ட கேள்விக்கெல்லாம் முனகல்தான் பதில். நடிப்பை விட்டுவிட்டு ராப் பாடப் போவதாக அதற்கு முன்பே சொல்லியிருந்தார். கடைசியில் லெட்டர்மேன், இன்றைக்கு நீங்கள் வர முடியாமல் போனதில் வருத்தம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அரங்கம் சிரித்தது. அதே மாதம் ஆஸ்கார் மேடையில் பென் ஸ்டில்லர் ஒட்டுத்தாடியோடு வந்து அவரைப் போலவே செய்து காட்டினார். ஆளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊரே பேசியது. 2010 செப்டம்பரில், எல்லாமே ஒரு படத்துக்காகத் திட்டமிட்டுச் செய்த நடிப்பு என்று தெரியவந்தது. அதற்கப்புறம் அதே பேட்டியைத் துணிச்சலான நடிப்பு என்று எழுத ஆரம்பித்தார்கள். பேட்டியில் ஒரு நொடிகூட மாறவில்லை.

என் கட்சி இதுதான். 'இது நடிப்பு' என்று யாராவது சொன்னார்களா, எப்போது சொன்னார்கள் என்பதை வைத்தே நாம் சிரிப்பதா கைதட்டுவதா என்று முடிவு செய்கிறோம். பீட்பாக்ஸ்காரருக்கு முன்கூட்டியே சுவரொட்டி சொல்லிவிடுகிறது. டி.ஆருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை, அவரும் சும்மா நடித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கதை, வசனம், பாட்டு, இசை, இயக்கம், நடிப்பு எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்தவர். 80களில் அதே அடுக்குமொழிக்குத் தியேட்டர் அதிர்ந்தது. இன்று சிரிப்பவர்களால் தாங்க முடியாதது, அவர் அழுவது நிஜம் என்பதைத்தான்.

31 ஜனவரி, மதியம் 1.15

எங்கள் நாடகக் குழுத் தம்பி ஒருவனுக்கு ஞாபகம் தப்பிய பெரியவர் வேடம். அந்த வசனம் சுலபத்தில் மனப்பாடம் ஆகாது. ஒரே கேள்வியை ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் மாற்றிக் கேட்க வேண்டும். ஒத்திகைக்குப் போகும்போது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். "சாவி எங்கே? கமலா, என் சாவியை யாரு எடுத்தா? இங்கதானே வெச்சேன்?" விரல்கள் தொடையைத் தடவித் தடவித் தேடின. பொங்கோலில் ஏறினோம். செங்காங் தாண்டுவதற்குள் அவனுக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலி. ஒரு பெண், குழந்தையின் தள்ளுவண்டியை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். சிராங்கூனில் கூட்டம் முண்டியடித்து ஏறியது, அப்போதும் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒரு வரி மறந்துபோய், பையிலிருந்து தாளை எடுத்தான். மஞ்சள் மையில் கோடு போட்டு ஓரம் சுருண்டுபோன தாள். அவன் முன்னால் நின்றிருந்த சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "ஆக்டிங் ஆ?" என்றார். அவன் தலையாட்டியதும் காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டார். பூன் கெங் வருவதற்குள், கை இப்படித் தேடாது, முதலில் சட்டைப் பையைத்தான் தொடும், அதையே திரும்பத் திரும்பத் தொடும் என்று செய்து காட்டினார். அவருடைய அப்பாவுக்கு அந்த நோய் இருந்ததாம்.

மேடையில் அவன் அந்த ஆன்ட்டி சொன்னபடிதான் செய்தான். பார்க்க வந்தவர்கள் கண்கலங்கியது அந்த இடத்தில்தான்.

1 பிப்ரவரி, இரவு 9.30

"அப்படியென்றால் கையில் ஒரு தாள் இருந்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் அந்தத் தாளுக்கே ஒரு வரலாறு உண்டு. இளையவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1993 டிசம்பர் 31 இரவு, பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் 'ஃபிஃப்த் பேசேஜ்' என்ற கலைக்கூடத்தில் புத்தாண்டுக் கலைநிகழ்ச்சி. அந்த ஆண்டு ஓரினச் சேர்க்கையாளர்களைக் குறிவைத்து நடந்த போலீஸ் நடவடிக்கையில் 12 ஆண்கள் பிடிபட்டிருந்தார்கள், பிரம்படித் தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டித்து ஜோசஃப் இங் என்ற இளைஞர் ஒரு நிகழ்த்துகலை செய்தார். தரையில் டோஃபு கட்டிகள், சிவப்புச் சாயப் பொட்டலங்கள், கையில் ரோத்தான் என்ற பிரம்பு. ஒவ்வொன்றாக அடித்து உடைத்தார். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று அந்தரங்க முடியைக் கத்தரித்தார்.

அங்கே இருந்தவர்களுக்கு என்ன பார்க்கிறோம் என்று தெரியும். முன்னால் என்ன நடந்தது, எதற்காக ரோத்தான், எதற்காக முதுகு எல்லாம் தெரியும். புத்தாண்டு பிறந்து சில நாளில் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் முதுகு மட்டும்தான் இருந்தது. டோஃபு இல்லை, 12 பேர் இல்லை. ஊர் கொதித்தது. அவருக்கு 1000 வெள்ளி அபராதம். எழுத்துப் பிரதி இல்லாத நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர் குறுக்கிட்டுக் கதையை மாற்றும் ஃபோரம் தியேட்டருக்கும் தேசியக் கலை மன்றம் நிதி தருவதை நிறுத்தியது. மறுபடி கிடைக்க ஏறத்தாழப் பத்தாண்டு பிடித்தது. ஆக, தாள் வேண்டும் என்று இங்கே ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாகவே கேட்டார்கள்.

எம்ஆர்டி தம்பியைப் பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். அவனுடைய தாள் அதே ரயில் பெட்டியில், அதே கண்களுக்குத் தெரிந்தது. ஜோசஃப் இங்கின் விளக்கம் அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டது, படம் மட்டும் வெளியே வந்தது. இன்றைக்கு டி.ஆருக்கு நடப்பதும் அதுதானே? ஒரு மணி நேரப் பேச்சில் இருபது நொடியைக் கிள்ளியெடுத்து அனுப்பினால் யாருமே பித்தன்தான்.

1995இல் இன்னொன்று நடந்தது, இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. சன்டெக்கில் 'சிங்கப்பூர் ஆர்ட் '95' கண்காட்சிக்கு அதிபர் ஓங் டெங் சியோங் வந்திருந்தார். 1988இல் ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ் குழுவைத் தொடங்கிய டாங் டா வூ அவர் எதிரே போய், என் கோட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். கிடைத்ததும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார். முதுகில் மஞ்சள் நூலில் 'கலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்' என்று தைத்திருந்தது. அதிபரிடம் ஒரு சீட்டும் கொடுத்தார். நான் ஒரு கலைஞன், நான் முக்கியமானவன் என்று எழுதியிருந்தது.

நிதி நின்றுபோன அடுத்த ஆண்டு இது. கத்தவில்லை, ஓடவில்லை. கோட்டைப் போட அனுமதி கேட்டாரே, அதுதான் அந்தக் கலையின் உயிர். நாட்டின் முதல் குடிமகன் சரி என்று தலையாட்டிய பிறகு அதைக் கிறுக்குத்தனம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

1 பிப்ரவரி, இரவு 11.05

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஆர்ச்சர்ட் ரோட்டில் பாடுகிறவர்கள், சிலைபோல நிற்கிறவர்களுக்கெல்லாம் பஸ்கிங் என்ற தெருக்கலை அனுமதி இருக்கிறது. 1997இல் வந்த திட்டம். தேர்வு வைத்துத்தான் கொடுப்பார்கள். வேறு ஊர்களில் சூழல் என்பது கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம், இங்கே அதை அட்டையாக அடித்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

3 பிப்ரவரி, இரவு 8.40

குசாமாவைப் பற்றிக் கேட்டவருக்கு.

2017இல் நேஷனல் கேலரியில், எதையும் புள்ளிகளால் நிரப்பும் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்காட்சி நடந்தபோது வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். கண்ணாடி அறைக்குள் விட்டு, சில நொடியில் வெளியே அனுப்பிவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தைத் தங்களைப் படம் எடுக்கவே செலவழித்தார்கள்.

1966இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக்கண்காட்சியில், அழைக்கப்பட்ட கலைஞர்கள் பட்டியலில் இல்லாத இதே பெண், புல்தரையில் சுமார் 1500 கண்ணாடிப் பந்துகளைக் கொட்டி, தங்க நிறக் கிமோனோவில் நின்று ஒன்று 1200 லிரா என்று கூவி விற்றார். அதிகாரிகள் வந்து விற்பனையை நிறுத்தினார்கள். 1993இல் அதே வெனிஸுக்கு ஜப்பான் நாடே அவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. அவர் வைத்த புள்ளிகள் மாறவில்லை.

ஆனால் எனக்கு முக்கியமானது வேறு. 1977 முதல் அவர் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில், தானே விரும்பிச் சேர்ந்து, வாழ்ந்துவருகிறார். பக்கத்திலேயே ஸ்டுடியோ. பகலில் அங்கே போய் வேலை, இரவில் மருத்துவமனை. சிறுவயது முதல் கண்முன் புள்ளிகள் பரவுவதாகத் தெரிந்ததை அவரே சொல்லியிருக்கிறார். இவரிடம் போய் நோயா, கலையா என்று கேட்டால் எதைச் சொல்வார்? இரண்டும் என்பார். நாம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நிற்கிறோம்.

எங்கள் வீடு புவாங்கோக் பக்கம். டாக்சியில் ஏறி இடத்தைச் சொன்னால், "ஓ, உட்பிரிட்ஜா!" என்று சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனநலக் கழக மருத்துவமனை அங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, உட்பிரிட்ஜ் என்ற பழைய பெயர் மட்டும் கேலிக்காகவே உயிரோடு இருக்கிறது. அந்தச் சிரிப்பும் குசாமா வரிசையும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. என் ஆதங்கம் அதுதான்.

6 பிப்ரவரி, இரவு 10.20

"பிரிட்னி ஸ்பியர்ஸ் மொட்டை போட்டது மட்டும் எந்தச் சூழலில் வைத்தாலும் பைத்தியக்காரத்தனம்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். மொட்டை என்றதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

எங்கள் அத்தை பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தார். பழனியில் அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மலையடிவாரத்தில் பத்தில் இரண்டு பேர் அப்படித்தான். சந்தனம் பூசிய தலையோடு தேக்காவில் காய்கறி வாங்கினார், கடைக்காரர் "எந்தக் கோயில் அக்கா?" என்று கேட்டார். திங்கட்கிழமை ஜூரோங்கில் வேலைக்குப் போனார். மேசையில் பழக்கூடை இருந்தது. புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு அலுவலகமே காசு சேர்த்து வாங்கி வைத்திருந்தார்கள். நேர்த்திக்கடன் என்று இவர் விளக்கியதும் ஒரு சின்னப் பெண், "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாளாம். ஒரே மொட்டை, ஒரே வாரம்.

அமெரிக்கப் பாடகி பிரிட்னிக்கு நடந்தது என்ன? 2007 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் போய், கருவியைத் தானே எடுத்து வழித்துக்கொண்டார். கடைக்கு வெளியே கேமராக் கூட்டம். வீட்டிலிருந்து கடைவரை, வாரக்கணக்காக, மாதக்கணக்காகத் துரத்திய அதே கூட்டம். அந்தக் கூட்டத்தின் கண் வழியாகத்தான் உலகம் அவரைப் பார்த்தது. 2008இல் அவருடைய சொத்தும் வாழ்க்கை முடிவுகளும் நீதிமன்ற ஏற்பாட்டில் அப்பா கைக்குப் போயின. அந்த ஏற்பாடு 2021 நவம்பர் வரை நீடித்தது. இடையில் இசைத்தொகுப்புகள் வந்தன, லாஸ் வேகஸில் 2013 முதல் நான்கு வருஷம் நிகழ்ச்சி நடந்தது. சொந்தப் பணத்தைக் கையாளப் புத்தி போதாது, ஆனால் வாரக்கணக்கில் மேடையில் ஆடிச் சம்பாதிக்கப் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 'பைத்தியம்' என்ற முத்திரை சும்மா ஒரு பேச்சு இல்லை, அதில் ஆள் மாறிக் கையெழுத்துப் போடலாம்.

அதே மொட்டையோடு பல வருஷம் பாடியவர் அயர்லாந்தின் ஷினேட் ஓ'கானர். இன்னும் பெண்மையாகத் தெரிய வேண்டும் என்று இசை நிறுவனத்தார் சொன்னதற்குப் பதிலாகத்தான் அவர் தலையை வழித்தார். அந்த மொட்டையை ஸ்டைல் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1992 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில், திருச்சபையில் சிறுவர்கள் கொடுமைப்படுத்தப்படுவதை எதிர்த்துப் போப்பின் படத்தைக் கிழித்தார். அம்மா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் அது. அவ்வளவுதான், அதுவரை ஸ்டைலாக இருந்த மொட்டை மறுநாளே புத்தி பேதலித்ததற்கு அடையாளமாகிவிட்டது. பத்து வருஷம் கழித்து, 2002இல், பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று அந்தக் கொடுமைகளை ஆதாரத்தோடு வெளியிட்டது. அதற்கப்புறமும் அவரிடம் வருத்தம் தெரிவித்தவர்கள் கொஞ்சப் பேர்தான். 2023இல் இறந்தபோதுதான் எல்லாரும் எழுதினார்கள்.

12 பிப்ரவரி, மாலை 6.00

நேற்று தைப்பூசம். கால் வலி இன்னும் போகவில்லை, ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மச்சான் அலகுக் காவடி எடுத்தார். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் விடிவதற்கு முன்பே குத்த ஆரம்பித்தார்கள். கன்னத்தில் வேல் ஏறும்போது அவர் முகம் இறுகவே இல்லை, தோள்தான் கொஞ்சம் எழும்பியது. கூட இருந்த அண்ணன் அந்தத் தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே "வேல், வேல்" என்றார். தோள் இறங்கியது. வேல் மறுபக்கம் வந்தது, ரத்தம் இல்லை. திருநீறு வைத்து அழுத்தினார்கள்.

டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடை. இதையே ஒரு சாதாரணப் புதன்கிழமை தனி ஆளாக மச்சான் செய்துகொண்டு நடந்தால் முதல் சிக்னலைத் தாண்டியிருக்க மாட்டார். இது எல்லாரும் சொல்கிற விஷயம்தான். நேற்று நான் கவனித்தது வேறு.

வழியில், தடுப்புக்கு இந்தப் பக்கம், வேட்டி கட்டிய ஒருவர் காவடி இல்லாமல், பால்குடம் இல்லாமல், தனியாக ஆடிக்கொண்டிருந்தார். நன்றாகவே ஆடினார். தொண்டூழியர் ஒருவர் வந்து "யாரோட வந்திருக்கீங்க?" என்று கேட்டார். பெயரைக் கேட்கவில்லை, குடித்திருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. அவர் யாரோடும் வரவில்லை. ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பத்தடி தள்ளி ஒரு பெண்ணுக்கு அருள் வந்து அதைவிட வேகமாக ஆடினார், அவரைச் சுற்றி அண்ணன், தம்பி, சித்தி என்று ஆறேழு பேர் கைகோத்து வளையம் போட்டிருந்தார்கள். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வளையத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவர் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் "போதும், இப்போ இது சாமி இல்ல, மயக்கம்" என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி உட்கார வைத்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சாமி வந்தால் கால் தாளத்தில் இருக்குமாம், மயக்கம் வந்தால் தாளத்தை விட்டுவிடுமாம். நேரடி வாசிப்பு இருந்த இடம் அது. 1973இல் தடை செய்த வாத்தியத்தை 2016 முதல் வழியில் குறிப்பிட்ட இடங்களில் அனுமதிக்கிறார்கள். வாத்தியம் இல்லாத வருஷங்களில் அந்தப் பாட்டி எதை வைத்துக் கண்டுபிடித்தாரோ, கேட்காமல் விட்டுவிட்டேன்.

முதல் நாள் நான் 'இது நடிப்பு என்று சொன்னார்களா' என்பதில் எல்லாவற்றையும் கட்டினேன். இப்போது அது போதாது என்று படுகிறது. காவடியில் யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை, அப்படிச் சொன்னால் அடிதான் விழும். அங்கே இருப்பது, எங்கே தொடங்கும், எங்கே முடியும், நடுவில் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆட்கள். டேங்க் ரோட்டில் வேலை உருவியதும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "கார் எங்க பார்க் பண்ணினே?"

13 பிப்ரவரி, காலை 7.45

இல்லை, அந்தப் பெண் நடித்தார் என்று நான் எழுதவில்லை. பாட்டியும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் நிஜம், ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தது.

17 பிப்ரவரி, இரவு 9.15

பாரதியை இழுத்தவருக்கு நன்றி. சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்தது, கடையத்தில் கழுதைக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சியது, அக்ரகாரம் அவரைப் பைத்தியம் என்றது எல்லாம் நாம் பள்ளியில் கேட்ட கதை. 1921இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு இருபது பேர்கூட இல்லை என்பார்கள். இன்று அதே குருவிக் கதையை உமறுப்புலவர் தமிழ் நிலையத்தில் பிள்ளைகள் மாறுவேடப் போட்டியில் நடித்துக் காட்டிப் பரிசு வாங்குகிறார்கள். காலமும் ஒரு சூழல்தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தக் கதையில் ஒருத்தரைத் தாண்டிப் போகிறோம். குருவிக்குப் போனது செல்லம்மா உலைக்கு வைத்திருந்த அரிசி. அன்று மதியம் பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்ற கேள்வி அவருடையது. அதைப் பார்த்துக் கவிஞரின் பரந்த மனசு என்று நாம் நெகிழ முடிவது, அந்த அரிசிக்கு நாம் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை என்பதால்தான். பாரதி எனக்கு உயிர். அதனாலேயே இதைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தால் ஒன்று, தெருவில் நின்று பார்த்தால் ஒன்று, நூறு வருஷம் தள்ளி நின்று பார்த்தால் இன்னொன்று. மூன்றில் வீட்டுக்குள் நிற்கிறவருடைய சாட்சிக்குத்தான் நாம் மிகக் குறைவாகக் காது கொடுக்கிறோம்.

24 பிப்ரவரி, இரவு 10.00

தைப்பூசத்தில் 'எங்கே முடியும்' என்று எழுதினேனே, அதற்குச் சரியான ஆள் டேச்சிங் ஷே. தைவானில் பிறந்து நியூயார்க் போன நிகழ்த்துகலைஞர். 1980 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம், மணிக்கு ஒரு தடவை வேலையிட நேர அட்டையைக் குத்தினார், இரவு பகல் பாராமல். 1981 செப்டம்பரிலிருந்து இன்னொரு வருஷம் எந்தக் கூரைக்குள்ளும் போகாமல் மன்ஹாட்டன் தெருவிலேயே வாழ்ந்தார். ஒரு தடவை போலீஸ் பிடித்து உள்ளே கொண்டுபோனதால் மட்டும் அந்த விதி சில மணி நேரம் உடைந்தது. அந்தப் படப்பதிவைப் பார்த்தால் தெரியும், உள்ளே போக மாட்டேன் என்று கதறுகிறார். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, விதி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அதே தெருவில் படுத்திருந்த வீடில்லாதவர்கள் எத்தனையோ பேர். அதே தரை, அதே குளிர். அவர்களிடம் முடிவுத் தேதி எழுதிய தாள் இல்லை. எனக்கு இப்போது மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்: நிறுத்த முடியுமா? ஃபீனிக்ஸ் நிறுத்தினார். மச்சான் வேலை உருவிவிட்டுக் காரைத் தேடினார். எம்ஆர்டி தம்பி இறங்கிப் போய்விட்டான். குசாமா நிறுத்த முடியாததை வைத்துக்கொண்டு வாழ ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். நிறுத்த முடியாதவரைப் பார்த்துக் கைதட்டுவது, சிரிப்பதைவிடப் பெரிய கொடுமையாகிவிடலாம்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த குறிப்பில் சொல்கிறேன், சம்பந்தப்பட்ட வீட்டில் முதலில் கேட்க வேண்டும்.

2 மார்ச், மாலை 4.30

கேட்டுவிட்டேன், அடையாளம் தெரியாமல் எழுதலாம் என்றார்கள்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர். சாயங்காலமானால் கீழே லிஃப்ட் வாசலில் நின்று, சாப்ஸ்டிக் ஒன்றைக் கையில் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத இசைக்குழுவை நடத்துவார். வலதுபக்கம் வயலின்கள். இடதுகை கீழே இறங்கினால் தபலா அடங்க வேண்டும். சில சமயம் கோபம் வரும்: "ஃபுளூட், லேட்டு!" லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் சுவரோரமாக ஒதுங்குவார்கள். யாரோ புகார் கொடுத்து, பொது இடத்தில் இடையூறு செய்யக்கூடாது என்று அறிவிப்பும் ஒட்டினார்கள்.

ஒருநாள் என் அப்பா அவரை அடையாளம் கண்டார். முன்பு இங்கே தமிழ் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர், கல்யாணம் கச்சேரி என்று ஊர் முழுக்கப் போனவர். இந்தச் செய்தி மாடிக்கு மாடி பரவியதும் புளோக்கே மாறிவிட்டது. சைக்கிள்களை நகர்த்தி இடம் விட்டார்கள். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம். சூழல் தெரிந்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்று நண்பர்களிடமெல்லாம் சொன்னேன்.

பிறகு அவர் நள்ளிரவிலும் நிற்க ஆரம்பித்தார். சட்டை மாற்றவில்லை. "கலைஞர்கள் அப்படித்தான்" என்று பார்த்தவர்கள் மரியாதையாகக் கடந்துபோனார்கள். அறிவிப்பு ஒட்டிய காலத்தில் என்றால் யாராவது உடனே ஃபோன் செய்திருப்பார்கள். மகள் உட்லண்ட்ஸிலிருந்து வார இறுதியில் வந்தபோதுதான் அப்பா பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. மருத்துவமனை, மாத்திரை, கொஞ்ச நாள் மகள் வீடு. இப்போது திரும்பி வந்துவிட்டார்.

அந்த மகளிடம் கேட்டேன், எப்போது நாங்கள் கவலைப்பட வேண்டும் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "செருப்பு போட்டிருக்காரான்னு பாருங்க அண்ணே. போட்டிருந்தா அது கச்சேரி, நீங்க நின்னு கேளுங்க. வெறுங்காலோட இருந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க."

பெருமாள் கோயில் ரோட்டுப் பாட்டி காலைப் பார்த்ததும் இவர் செருப்பைப் பார்க்கச் சொன்னதும் ஒரே வகை அறிவு. கூடவே இருந்து, பல தடவை பார்த்து வருவது. நட்சத்திரங்களைப் பற்றி நமக்கு அந்த அறிவு கிடையாது. பிரிட்னியின் செருப்பு எது என்று கேமராக்காரர்களுக்குத் தெரியாது, வாட்ஸ்அப்பில் சிரிப்பவருக்கு டி.ஆருடையதும் தெரியாது. வெளியிலிருந்து நாம் 'மேதை' என்றாலும் 'பைத்தியம்' என்றாலும் இரண்டுமே ஊகம்.

5 மார்ச், இரவு 8.10

பெரியவரைப் படம் எடுத்து டிக்டாக்கில் போடலாமா, நல்ல விதமாகத்தான் போடுவேன் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். வேண்டாம். நல்ல விதமாகப் போட்டாலும் பார்ப்பவர்களுக்கு மகளுடைய எண் தெரியாது. நேரில் வாருங்கள், ஆறு மணிக்குமேல் இருப்பார்.

மகளின் எண் இப்போது இரண்டாம் மாடி மலாய் ஆன்ட்டியிடமும் கோப்பிக்கடைத் தம்பியிடமும் என்னிடமும் இருக்கிறது. லிஃப்ட் பக்கத்திலேயே ஒட்டிவிடலாமா என்று கேட்டேன், மகள் வேண்டாம் என்றார், அப்பா படித்துவிடுவார் என்று.